ஒரு சொல்லுக்கு ஒரு கிலோ

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு எழுத்து பிசகினாலும் எங்கிருந்தாவது வந்து திருத்திவிட்டுத்தான் போவார். வீட்டில் நானும் என் மனுசனும் அவருக்கு வைத்திருந்த பெயர் சட்டம்பியார், எங்கள் ஊர்ப் பேச்சில் வாத்தியார். ஆள் ஒருநாளும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் அல்ல. கடைக்காரர்களின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இறைச்சிக்கடைத் தராசு இரண்டு கிராம் கூடக் காட்டினால் முகம் சிவந்துபோகிற மனிதர், வாயிலிருந்து வருகிற சொல்லை மட்டும் சும்மா விடுவாரா?

அப்போது நாங்கள் எர்லாங்கனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் தள்ளி ஒரு சின்ன ஊரில் இருந்தோம். ஜெர்மனியில் இப்படிப்பட்ட ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு சுடும் கழகம் இருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து கடதாசி வட்டத்தைக் குறி பார்த்துச் சுடுவார்கள், பிறகு பியர் குடித்துச் சாப்பிட்டு ஊர்க்கதை கதைப்பார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆறு வருடங்கள் அந்தக் கழகத்தின் குசினி என் கையில் இருந்தது. சட்டம்பியார்தான் அங்கே சுடுதளத்துக்குப் பொறுப்பு.

அந்த வேலையை என் மனுசன்தான் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தார்.

“இஞ்சரும், ஒரு சமையல் வேலை இருக்காம். கழகம் ஒண்டு.”

“என்ன கழகம்? பந்து விளையாடுற ஆக்களோ?”

“இல்லை... சுடுற ஆக்கள்.”

“உங்களுக்கென்ன விசரோ? துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள். இப்ப துவக்குக்காரருக்குச் சமைச்சுப் போடவோ?”

துவக்கு என்றால் துப்பாக்கி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். ஆனாலும் போய்ப் பார்த்தேன். ஆறு அடுப்பு, பெரிய ஜன்னல், குளிரூட்டும் அறை, எல்லாவற்றுக்கும் ஒரே சாவி, அது என் கையில். ஒன்பது வருடமாக கம்பெனிக் கந்தோர்களில் மற்றவர்களின் மேசையையும் நிலத்தையும் கூட்டித் துடைத்தவளுக்கு அந்தச் சாவியை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

முதல் நாளே சட்டம்பியாரிடம் மாட்டிக்கொண்டேன். டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஆயுதத்துக்கு வாஃபே என்று சொல்லுவார்கள். “இந்த வாஃபே எல்லாம் எங்க வைச்சுப் பூட்டுறனீங்கள்?” என்று பயத்தில்தான் கேட்டேன்.

“இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்லை.”

அவருடைய முதுகுக்குப் பின்னால் இரும்பு அலுமாரி திறந்து கிடந்தது. உள்ளே வரிசையாக நின்றன.

“அப்ப உது என்ன?”

“விளையாட்டுச் சாதனம். நீங்கள் சொன்னது ஆளைக் காயப்படுத்துறதுக்குச் செய்த சாமான். நாங்கள் கடதாசியைத்தான் சுடுறம். விளங்கிச்சோ?”

விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ஒன்று சொல்லவேண்டும், அந்த ஊரில் எல்லாரும் என்னோடு பேசியது டொச்சில்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து என் ஞாபகத்தில் அவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். சட்டம்பியாருக்கு இது தெரிந்தால் அதற்கும் ஒரு திருத்தம் வைத்திருப்பார்.

கழகக் கதவில் அவர் தட்டச்சில் அடித்து ஒட்டிய கடதாசி ஒன்று இருந்தது. ‘இந்தக் கட்டடத்துக்குள் வாஃபே என்ற சொல்லைச் சொல்பவர், சொல்லும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கிலோ உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும்.’ முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமையே பல்வைத்தியர் ஒருவர் கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டு, என் குசினிக் கதவடியில் வந்து நின்றார். “ரெண்டு கிலோ,” என்றார் வெட்கத்தோடு. சும்மா சொல்லக்கூடாது, தோல் கடதாசி போல மெல்லிசாக வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் முப்பது பேருக்கு உருளைக்கிழங்கு சலாட் போடவேண்டும். அதற்கு நான் கத்தியைத் தொட்டதே இல்லை. சுடுகிற ஆட்கள் கூடினால் கதை அங்கேதான் போய் நிற்கும், போனால் அந்தச் சொல் எப்படியும் வாயில் வந்துவிடும். சட்டம்பியார் மேசையில் ஒரு சின்னக் கொப்பியை வைத்துக்கொண்டு கோடு கோடாகப் போடுவார். நானும் நல்லவள் இல்லை. ஆள் குறைந்த நாட்களில் பியர் கிளாசைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, “புதுச் சட்டம் வருதாமே, என்ன அது?” என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். கால் மணித்தியாலத்தில் ஐந்து கிலோ சேர்ந்துவிடும். சட்டம்பியார் என்னைப் பார்த்துக் கொடுப்புக்குள் சிரிப்பார். பார்த்தும் பாராத மாதிரி இருந்துவிடுவார்.

அவருடைய திருத்தம் ஆயுதத்தோடு நிற்கவில்லை. கோடை விழாவுக்கு நான் எங்கள் ஊர் ரோல்ஸ் செய்தேன். உள்ளே உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வைத்து, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரிக்கிறது. கழகத்தலைவர் பலகையில் ‘சீன ரோல்’ என்று எழுதிவிட்டார். சட்டம்பியார் சட்டைப் பையிலிருந்த தன் கைலேஞ்சியால் அதை அழித்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

“சரியான பெயர் என்ன?”

“என்னவெண்டாலும் எழுதுங்கோ. தின்னுறதுதானே.”

“என்னவெண்டாலும் எண்டு ஒரு சாப்பாடு இல்லை.”

அன்று பின்னேரம் முழுக்க வரிசையில் நின்றவர்களை எல்லாம் “ரோல்ஸ், ரோல்ஸ்” என்று சொல்லவைத்தே கொடுத்தார். என்னுடைய பெயரும் அப்படித்தான். நீட்டுப் பெயர். வேலை செய்த கந்தோர்களில் எல்லாரும் அதைப் பாதியில் வெட்டித்தான் கூப்பிட்டார்கள். இந்த மனுசன் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு போய், அடுத்த கிழமை வாசலில் நின்றே முழுசாகச் சொன்னார். எனக்கு அன்றைக்குக் கண் கலங்கினது உண்மை. வெங்காயம் வெட்டினேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு நானே என் வாயால் கெட்டேன். ஒருநாள் பல்வைத்தியர் உரித்துக்கொண்டே, “உங்கட மொழியில இதுக்கு என்ன சொல்லுறது?” என்று கேட்டார். “துவக்கு,” என்றேன். மனிதர் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு புழுகம், பரிசு விழுந்த மாதிரி. நேரே மண்டபத்துக்குப் போய், “என்ரை புது துவாக்கு வெள்ளிக்கிழமை வருது!” என்று உரத்துச் சொன்னார். எல்லாரும் சட்டம்பியாரைப் பார்த்தார்கள்.

சட்டம்பியார் எழும்பிப் போய்த் தன் கடதாசியைத் தானே வாசித்தார். ஒரு கிழமை தவணை கேட்டார். அடுத்த வெள்ளி வந்து தீர்ப்புச் சொன்னார்: எழுதியிருப்பது அந்த ஒரு சொல் மட்டும்தான், ஆகவே குற்றம் இல்லை. அவ்வளவுதான். பவேரியாவில் பிறந்து வளர்ந்த முப்பது பேரும் துவாக்கு, துவாக்கு என்று கத்திக்கொண்டு திரிந்தார்கள். எர்லாங்கனில் வேலை செய்கிற சென்னைப் பொறியியலாளர் ஒருவர் யாரோடோ விருந்தாளியாக வந்து, “அது துப்பாக்கிங்க, கன்னுன்னா துப்பாக்கி,” என்று சொல்லிவிட்டார். முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் ஏதோ போலிச் சரக்கு விற்றுவிட்ட மாதிரி. இரண்டும் சரி என்று நான் சத்தியம் பண்ணவேண்டி வந்தது. குசினிக்கு வந்தால், இருபது கிலோ உருளைக்கிழங்கும் நானும் மட்டும். கோதாரி, என்ரை வாயை ஆர் கேட்டது?

அந்த வாய்தான் அடுத்த வருடம் பெரிய அலுவல் பார்த்தது.

கழகத்தின் நிலவறையில் ஈரம் ஏறி, துவக்கு வைக்கிற இரும்பு அலுமாரி கறள் பிடிக்கத் தொடங்கியது. மேலே, வேலியோரமாக, புது அறை ஒன்று கட்டவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வேலிக்கு அடுத்த பக்கம் அப்போதுதான் ஒரு பாலர் பள்ளி வந்திருந்தது. கட்டடம் ஊர்சபையுடையது, கழகத்துக்குக் குத்தகை. ஆகவே ஊர்சபைக்கு அன்ட்ராக் போடவேண்டும். விண்ணப்பத்துக்கு எங்கள் தமிழ் வீடுகளிலும் அன்ட்ராக் என்றுதான் பெயர். எழுதியது யார் என்று சொல்லவேண்டுமா? ‘விளையாட்டுச் சாதனங்கள் வைப்பதற்கான அறை’ என்று சட்டம்பியார் சுத்தமாக எழுதிக் கொடுத்தார். ஊர்சபை அதே சொற்களில் அறிவித்தல் பலகையில் ஒட்டியது. பாலர் பள்ளியின் பெற்றோர்களும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வைத்தார்கள்.

ஒருநாள் நான் குப்பை கொட்டப் போனபோது வேலிக்கு அப்பால் ஒரு தாய் நின்றா. வடக்கிலிருந்து புதிதாக வந்து குடியேறியவ. எப்போதும் சிவப்பு சைக்கிள் தொப்பி போட்டிருப்பா.

“உங்கட புது அறை முடிஞ்ச உடன விளையாட்டுச் சாமான்களைப் பிள்ளையளுக்கும் இரவல் தருவியளோ? பாய், வளையம், அப்பிடி ஏதும்?”

நான் அவ பகிடி விடுகிறா என்றுதான் நினைத்தேன். “தாராளமா வரட்டும், நாலு தரம் சுட்டுப் பாக்கட்டும்,” என்று சொல்லிச் சிரித்தேன்.

அவ சிரிக்கவில்லை. கழகத்தில் சுடுவார்கள் என்பது அவவுக்குத் தெரியும். சுட்டுவிட்டு அவரவர் துவக்கை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்திருக்கிறா. பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுகிற வேலியோரத்தில் கழகத்தின் துவக்குகளை அடுக்கப்போகிறார்கள் என்று அவவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த கிழமை ஊர்சபைக்குக் கடிதம் போனது. ‘பாலர் பள்ளிக்குப் பக்கத்தில் ஆயுதக் கிடங்கு. பெற்றோரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.’ அந்த வருடம் தொலைக்காட்சியைத் திறந்தாலே துவக்குச் சட்டம் பற்றித்தான் பேச்சு, சனத்தின் நெஞ்சில் பயம் இருந்தது. நகரபிதா சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: இரண்டு பகுதியும் பேசித் தீர்க்காவிட்டால் மார்கழியோடு குத்தகை முடிவு, புதுப்பிக்கமாட்டோம். கழகம் பக்கத்து ஊர்க் கழகத்தோடு சேர்ந்துவிடலாம். அங்கே குசினி இல்லை. சொசேச் விற்கிற வண்டி ஒன்றுதான் வரும்.

நான் வீட்டுக்கு வந்து அழுதேன். “ஒரு பகிடிக்காக என்ரை குசினி போகப்போகுது,” என்றேன். என் மனுசன் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

கழகத்தில் ஒருவரும் என்னை ஏசவில்லை. ஆனால் குசினிப் பக்கமும் வரவில்லை, அது அதைவிட மோசம். சட்டம்பியார் மட்டும் செவ்வாய்க்கிழமை காலை குசினிக்கு வந்து கதிரையில் இருந்தார். கொப்பி கையில் இல்லை.

“நீங்கள் பொய் சொல்லேல்லை,” என்றார். “நானும் பொய் சொல்லேல்லை. நாற்பது வருசம் தராசு பாத்தனான், ஒருத்தரும் என்னை ஏமாத்துக்காரன் எண்டு சொன்னதில்லை. எழுதின ஒவ்வொரு சொல்லும் சரி. பிறகு ஏன் இப்பிடி?”

வாயில் வந்ததைச் சொன்னேன். சின்ன வயதில் எங்கள் ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால், பிள்ளைகள் நாங்கள் சத்தத்தை வைத்தே அதற்குப் பெயர் வைத்திருந்தோம். ஒன்று படபடப்பான், ஒன்று இருமல், இன்னொன்று மாமியின்ரை கதவு. பெயரைச் சொல்லிக்கொண்டே கட்டிலுக்குக் கீழே பூருவோம்.

அவர் வழக்கம்போலத் திருத்தவில்லை. “பெயர் வைச்சால் பயம் குறையுமோ?” என்று கேட்டார்.

“இல்லை. எவ்வளவு நேரம் கட்டிலுக்குக் கீழ கிடக்கவேணும் எண்டு தெரியும். அதுக்குத்தான் பெயர்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பாலர் பள்ளியில் யாரோ மணி அடித்தார்கள், பிள்ளைகள் கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். நான் ஊற்றி வைத்த கோப்பியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் மண்டபத்திலேயே நடந்தது. ஒரு பக்கம் பெற்றோர், மறு பக்கம் கழகத்தார், நடுவில் நகரபிதா. நான் கேக்கும் கோப்பியும் கொண்டு திரிந்தேன். ஒரு மணித்தியாலம் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்தத் தாய், “ஆயுதக் கிடங்கு,” என்பா; டொச்சில் அது வாஃபன்லாகர், வாஃபே அதற்குள்ளேயே இருக்கிறது. கழகத்தலைவர், “மன்னிக்கவும், விளையாட்டுச் சாதன அறை,” என்பார். “கிடங்கு!” “அறை!” அவ கிடங்கு என்ற உடனே கழகத்தார் காதைப் பொத்திக்கொண்டார்கள். இவர்கள் சாதனம் என்ற உடனே பெற்றோர் பல்லைக் கடித்தார்கள். அதற்குள் எத்தனை துவக்கு, சாவி யாரிடம், சுவர் எவ்வளவு தடிப்பு என்று ஒருவரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. சட்டம்பியார் பின்வரிசையில் கொப்பியும் பேனையுமாக இருந்தார். கேக் மட்டும் முடிந்துகொண்டு வந்தது.

நகரபிதாவுக்கு அலுத்துவிட்டது. கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, “நீங்கள் ரெண்டு பக்கமும் இல்லை. நீங்கள் அதை என்னெண்டு சொல்லுவியள்?” என்று கேட்டார்.

“துவக்கு,” என்றேன். வேறு என்ன சொல்ல?

கழகத்தார் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். சிவப்புத் தொப்பிக்காரி அந்தச் சிரிப்பைத் தாங்கமாட்டாமல் எழும்பினா. “அதென்ன, அது இன்னொரு ஒளிப்புச் சொல்லோ?”

அப்போதுதான் சட்டம்பியார் எழும்பினார். சிரிப்பு நின்றது.

“இல்லை அம்மா. அவ சொன்னது ஒளிப்பில்லாத சொல்லு. அதுக்கு அர்த்தம் வாஃபே.”

பல்வைத்தியரின் வாயிலிருந்த கேக் அங்கேயே நின்றது. அதுவரை அந்தச் சொல்லை அவர் வாயில் ஒருவரும் கேட்டதில்லை.

“எங்களிட்ட இருபத்துமூண்டு வாஃபே இருக்கு,” என்றார். “அது எல்லாத்தையும் உங்கட பிள்ளையளின்ரை வேலிக்குப் பக்கத்தில வைக்கத்தான் கேட்டம். வாஃபே ஒரு பக்கம், சுடுற ரவை ஒரு பக்கம், வேற வேற பூட்டு. சாவி ரெண்டு பேரிட்ட. ஒண்டு என்னட்டை. கடிதம் எழுதினது நான். எழுதின சொல்லு எங்களுக்குள்ள சரி. சுடக்குள்ள அது ஆளை நோக்கிப் போற சாமான் இல்லை எண்டு நாங்களே எங்களுக்கு ஞாபகப்படுத்துறதுக்காக வைச்சது. ஆனா வேலிக்கு அங்கால நிக்கிற ஆளுக்கு, எவ்வளவு பயப்படவேணும் எண்டு அந்தச் சொல்லு சொல்லேல்லை. வாஃபே எண்டு எழுதியிருந்தால் நீங்கள் அண்டைக்கே கேள்வி கேட்டிருப்பியள். பிழை என்னில.”

அப்படியே நின்றார். எனக்கு ஓடிப்போய் அவருடைய கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. கேத்திலோடு அங்கேயே நின்றேன்.

அந்தத் தாய் மறுபடி கதிரையில் இருந்தா. பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “கிடங்கு எண்டது கொஞ்சம் கூடத்தான்,” என்றா. “சுவர் எவ்வளவு தடிப்பு?”

அதற்குப் பிறகு அரை மணித்தியாலம்தான். அறை வேலியோரம் வேண்டாம், தெருப்பக்கம், கொங்கிறீட்டுச் சுவர், பெற்றோர் இருவர் வந்து பார்க்கலாம் என்று முடிவானது. குத்தகை ஐந்து வருடத்துக்கு நீண்டது. என் சாவி என் கழுத்தில் தொங்கியபடியே கிடந்தது.

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூக்கைச் சிந்தினேன். கதவு தட்டுகிற சத்தம். சட்டம்பியார். கோட்டைக் கழற்றி ஆணியில் கொழுவி, சட்டைக்கையை இரண்டு மடிப்பு மடித்தார்.

“என்ன இது? உங்களுக்கு ஆர் தண்டனை போட்டது?”

“கதவில ஒட்டியிருக்கு. என்ரை பெயருக்கு விலக்கு எண்டு அதில எழுதேல்லை.”

“நாலு தரம் சொன்னீங்கள்,” என்றேன். “நான் எண்ணினனான். நாலு கிலோ.”

“அஞ்சு,” என்றார். “வெளியில போகேக்குள்ள நகரபிதாவிட்ட ஒருக்கா சொன்னனான். உங்களுக்குக் கேட்டிருக்காது.”

சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். அவர் தராசில் நிறுத்து, ஒரு சின்னக் கிழங்கை எடுத்துப் போட்டு, பிறகு எடுத்து, சரியாக ஐந்துக்குக் கொண்டுவந்தார். பிறகு உரிக்கத் தொடங்கினார்.

கதவு மறுபடி திறந்தது. சிவப்புத் தொப்பி. வாசலில் ஒட்டியிருந்த கடதாசியை வாசித்துவிட்டு வந்திருக்கிறா.

“ஆயுதக் கிடங்கு எண்டு சொல்லேக்குள்ளயும் அந்தச் சொல்லு இருக்குத்தானே,” என்றா தயங்கித் தயங்கி. “அதுவும் கணக்கோ?”

சட்டம்பியார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“கணக்குத்தான். பதினாலு தரம் சொன்னீங்கள். கத்தி அந்த மேசை லாச்சிக்குள்ள கிடக்கு.”